பேரேட்டில் எழுதாத பக்குவம்

லண்டன் ஆவணக் காப்பகத்தில் பார்க்ளே பெர்க்கின்ஸ், விட்பிரெட், ட்ரூமன் ஆகிய பழைய பீர் ஆலைகளின் பேரேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் ஒரு நாள் காய்ச்சிய பீரைப் பற்றியது. இன்ன வகை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இத்தனை குவார்ட்டர், இன்ன ஊர் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) இத்தனை பவுண்டு, அது எந்த ஆண்டு பறித்தது, வெந்நீரின் சூடு எவ்வளவு, வடித்த சாற்றின் அடர்த்தி எவ்வளவு, ஈஸ்ட் இட்டது எந்தச் சூட்டில், எத்தனை நாளில் நொதித்து அடங்கியது. பெரும்பாலும் சுருக்கெழுத்தும் குறியீடும்தான். எழுதியவருக்கும், அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கும் புரிந்தால் போதும் என்று எழுதியவை.

இந்தப் பக்கங்களைப் படித்து, வீட்டு அடுப்பில் 20 லிட்டர் பீராக மாற்றிப் பார்க்கிறவர்கள் அரை நூற்றாண்டாகப் பிரிட்டனில் இருக்கிறார்கள். பலர் இதை ஒரு பொழுதுபோக்காகவே பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் பாட்டி எழுதி வைத்த ஊறுகாய்க் குறிப்பை நினைத்துப் பாருங்கள். மிளகாய் எத்தனை படி, உப்பு எத்தனை கை என்று இருக்கும். ‘பக்குவமாக வதக்கவும்’ என்ற ஒரு சொல்லில் மற்றதெல்லாம் அடங்கிப் போயிருக்கும். அந்தப் பக்குவம் எழுதியவருக்குத் தெரியும், அவர் மகளுக்குத் தெரியும். பேத்தி செய்யும்போது ஊறுகாய் பூஞ்சை பிடிக்கும். பீர் ஆலைப் பேரேடும் இதே வகைதான். காசாகிற பொருள் எல்லாம் பவுண்டு சுத்தமாக அதில் பதிவாகியிருக்கிறது. மால்ட்டை எந்த விறகில் உலர்த்தினார்கள், மரத்தொட்டியின் பலகை இடுக்கில் என்ன உயிர் குடியிருந்தது என்பது பதிவாகவில்லை. அன்றைக்கு அதை எழுதத் தேவையும் இருக்கவில்லை. குறிப்பின்படி காய்ச்சிப் பார்த்து, வந்த பீரையும் அந்தக் காலத்தவர் சொன்ன பீரையும் ஒப்பிடும்போதுதான் ஏட்டில் விடுபட்டது எது என்று தெரிகிறது. ஆவணத்தைக் கண்ணால் மட்டும் படிக்கிற வரலாற்றாசிரியருக்கு இந்த இடைவெளி எளிதில் புலப்படாது.

முதல் தடை அளவைகள். பிரிட்டிஷ் பீப்பாய் என்பது 36 கேலன். 1824 சட்டத்துக்குப் பிறகு வந்த இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர், ஆகவே ஒரு பீப்பாய் ஏறக்குறைய 163.7 லிட்டர். அதற்கு முந்தைய ஏல் கேலன் 282 கன அங்குலம், கொஞ்சம் பெரியது. மால்ட்டை குவார்ட்டரில் அளந்தார்கள். ஒரு குவார்ட்டர் என்பது எட்டு புஷல். முதலில் இது கொள்ளளவு, அதாவது நம் மரக்கால் போல. பிற்காலத்தில்தான் ஒரு குவார்ட்டர் மால்ட் 336 பவுண்டு என்று எடைக்கணக்கு நிலைத்தது. கொள்ளளவில் எழுதிய பழைய ஏட்டை எடைக்கு மாற்றும்போது தவறு நேர்வது இங்கேதான். வறுபட்டுப் பொரிந்த பிரவுன் மால்ட் ஒரு புஷலுக்கு வெளிர் மால்ட்டைவிட எடை குறைவு. இரண்டுக்கும் ஒரே எடை போட்டால் பீர் கறுத்து, கசந்து போகும்.

சாற்றின் அடர்த்தியையும் பவுண்டில்தான் எழுதினார்கள். ஒரு பீப்பாய்த் தண்ணீரின் எடை 360 பவுண்டு. மால்ட் சாறு நிறைந்த பீப்பாய் 384 பவுண்டு நின்றால், அந்தச் சாற்றின் அடர்த்தி ‘24 பவுண்டு’. இதை 2.77ஆல் பெருக்கினால் இன்றைய ஒப்படர்த்தி 1.066 வந்துவிடும். இப்படி ஒரு பதிவு, குவார்ட்டருக்கு 10 பவுண்டு ஹாப்ஸ் என்றும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவார்ட்டர் நல்ல மால்ட்டிலிருந்து 80 பவுண்டு சத்து இறங்கும் என்று கொண்டால், 24 பவுண்டு அடர்த்தியில் மூன்றேகால் பீப்பாய்க்குச் சற்று மேல் பீர் கிடைக்கும். பீப்பாய்க்கு 3 பவுண்டு ஹாப்ஸ். வீட்டில் காய்ச்சும் 20 லிட்டருக்கு அது 5.6 கிலோ மால்ட், 166 கிராம் ஹாப்ஸ். இன்று கடையில் வாங்கும் பீரோடு பழகியவருக்கு இந்த ஹாப்ஸ் அளவு மிரட்சி தரும். ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்துப் பாதியாகக் குறைத்தவர்களும் உண்டு. பிழை இல்லை. அந்த பீர் மாதக்கணக்கில் பீப்பாயில் கிடக்க வேண்டியது. கசப்பு அதற்குக் காவல். போதாததற்குப் பறித்து ஓராண்டு, ஈராண்டு ஆன ஹாப்ஸையும் கலந்தே போட்டார்கள். பழைய ஹாப்ஸில் கசப்பு அமிலம் பெரிதும் வடிந்துபோயிருக்கும். பேரேட்டில் பறித்த ஆண்டு குறிக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுதான். எடையை மட்டும் பார்த்து ஆண்டைப் பார்க்காமல் விட்டால், கஷாயம் போன்ற பீர்தான் கிடைக்கும்.

இந்த வேலையை முறையாகத் தொடங்கியவர்கள் மேற்கு லண்டனைச் சேர்ந்த டர்டன் பார்க் பீர் வட்டம் என்ற சிறு குழுவினர். வட்டம் 1971இல் கூடியது. ஜான் ஹாரிசனும் மற்ற உறுப்பினர்களும் பழைய நூல்களையும் ஆலை ஏடுகளையும் துருவி, ஒவ்வொரு பீரையும் ஒரு கேலன் அளவுக்குச் சுருக்கி, காய்ச்சி, குடித்துப் பார்த்து, 1976இல் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார்கள். பிறகு வந்தவர்களில் ரொனால்ட் பாட்டின்சனின் உழைப்பு பெரிது. ஆயிரக்கணக்கான ஏட்டுப் பக்கங்களைப் படமெடுத்து, கட்டம் கட்டமாக எண்களை எடுத்தெழுதி, 2014இல் வீட்டில் காய்ச்சுவோருக்கென்றே ஒரு நூல் எழுதினார். இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஹாரிசன் குழுவின் அக்கறை, அந்தச் சுவையை மீட்டுக் குடிக்க வேண்டும் என்பது. பாட்டின்சன், பீர் பற்றிப் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் கதைகளை எண்களைக் கொண்டு சோதிக்கிறார். இரண்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இவர்கள் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை வீட்டில் பீர் காய்ச்ச அரசு உரிமம் தேவைப்பட்டது. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை நீக்கி, பதிலாகக் காய்ச்சும் சாற்றின் அடர்த்திக்கு வரி போட்டார். அதோடு வீட்டில் காய்ச்சுவதும் உரிமத்துக்குள் வந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ரத்து செய்தார். மால்ட் வரி 1697 முதல் 1880 வரை இருந்தது. எழுத்தாளர் வில்லியம் காபெட் 1821–22இல் எழுதிய குடிசைப் பொருளாதார நூலில், உழைப்பாளி தன் வீட்டில் பீர் காய்ச்சும் வழக்கம் அழிந்ததற்கு இந்த வரியைத்தான் குற்றம் சாட்டினார். அந்த இடத்தில் தேநீர் வந்து உட்கார்ந்ததையும் சபித்தார். தேநீர் விஷயத்தில் அவருடன் உடன்பட மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் இருந்த ஒரு கைத்தொழில், வரியாலும் நகரத்து ஆலைகளாலும் வீட்டை விட்டு வெளியேறியது என்ற அவர் கணிப்பு சரி.

அந்தக் கைத்தொழில் யார் கையில் இருந்தது என்பதற்கு மிக அழகான சான்று, பேரேடுகளுக்கெல்லாம் சுமார் இருநூறு ஆண்டுகள் மூத்தது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராட்விண்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், முதலில் 1577இலும் பின்பு விரிவாக 1587இலும் வெளிவந்த இங்கிலாந்து வருணனை நூலில், தன் மனைவி மாதம் ஒருமுறை பீர் காய்ச்சும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். எட்டு புஷல் மால்ட்டை வீட்டுத் திருகையில் அரைக்கிறார்கள். ஆலைக்காரருக்குக் கூலி மிச்சம். அதில் அரை புஷல் கோதுமை மாவும் அரை புஷல் ஓட்ஸ் மாவும் தனித்தனியே தெரியாதபடி கலக்கிறார்கள். 80 கேலன் கொதிநீர் ஊற்றிச் சாறு வடிக்கிறார்கள். முதல் சாற்றில் எட்டு கேலனைத் தனியே எடுத்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்து, அது பொன்னிறமாகும்வரை விடுகிறார்கள். மீதியை ஹாப்ஸோடு கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கொதிக்க வைக்கிறார்கள். தனியே வைத்த சாற்றில் அரை அவுன்ஸ் ஓரிஸ் வேர்த்தூளும் ஒரு சிட்டிகை லாரல் பழத்தூளும் சேர்கின்றன. சிலர் இவற்றுக்குப் பதிலாகத் திப்பிலி போடுவதுண்டு, ஆனால் தன் மனைவிக்கும் தனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்கிறார். நம் மருந்துப் பெட்டித் திப்பிலி, 16ஆம் நூற்றாண்டு எஸ்ஸெக்ஸ் கிராமத்து பீர்ப் பானைவரை போயிருக்கிறது.

கணக்கும் தருகிறார். மால்ட் 10 ஷில்லிங், விறகு 4 ஷில்லிங், ஹாப்ஸ் 20 பென்னி, வாசனைப் பொருள் 2 பென்னி, வேலைக்காரிகளுக்கு இரண்டரை ஷில்லிங், பாத்திரத் தேய்மானம் 20 பென்னி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கூட்டிப் பாருங்கள், சரியாக 20 ஷில்லிங். அதற்கு 200 கேலன் பீர். பாத்திரத் தேய்மானத்தைக் கூடக் கணக்கில் சேர்த்த வீடு அது. கணக்கு எழுதியது பாதிரியார் என்றாலும், கணக்கு வைத்திருந்தது அந்த அம்மாள் என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள் தொழிலாக இருந்தது. ஹாப்ஸ் இல்லாத ஏல் சில நாட்களில் புளித்துவிடும். அதனால் அடிக்கடி, சிறிய அளவில், வீட்டிலேயே காய்ச்ச வேண்டியிருந்தது. ஹாப்ஸ் சேர்ந்த பீர் கெடாமல் நின்றது, தொலைதூரம் போனது, பெரிய முதலீட்டைத் தாங்கியது. முதலீடு வந்ததும் தொழில் ஆண்கள் கைக்குப் போயிற்று. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூல் இந்த மாற்றத்தைத்தான் விரிவாகப் பேசுகிறது.

ராட்விண்டர் குறிப்பைப் பிற்காலத்துச் சத்துக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், ஒப்படர்த்தி 1.040ஐ ஒட்டி விழும். ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அன்றாடம் குழந்தைகள் முதல் குடித்த பீர் வெறும் கஞ்சித் தண்ணீர் போன்றது என்ற பொதுக் கருத்தோடு இது ஒத்துப்போவதில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் சூசன் ஃபிளாவின் தலைமையிலான ஆய்வுக் குழு, டப்ளின் கோட்டையின் 1574ஆம் ஆண்டு வீட்டுக் கணக்குகளைக் கொண்டு ஒரு பீரைத் திரும்பக் காய்ச்சியது. இங்கிலாந்தின் தெற்கே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில், மரத்தொட்டி, செம்புக் கொப்பரை, விறகடுப்பு என்று எல்லாம் அக்காலத்தைப் போல அமைத்தார்கள். பேர் என்ற பழைய பார்லி ரகத்தைத் தேடிப் பிடித்தார்கள். வந்த பீரின் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். ஏட்டுக் கணக்கும் அடுப்பும் ஒன்றையொன்று ஆமோதித்த இடம் இது.

ஒத்துப்போகாத இடம் போர்ட்டர்.

18ஆம் நூற்றாண்டு லண்டனின் பீர் அது. சுமை தூக்கும் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே அதற்கு வந்தது. ரால்ஃப் ஹார்வுட் என்பவர் 1722இல் அதைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அந்தக் கதை முழு உருவம் பெற்றது 1802இல் வந்த ஒரு லண்டன் வழிகாட்டி நூலில். எண்பது ஆண்டு இடைவெளியைப் பார்த்தாலே கதையை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். உறுதியாகத் தெரிந்தது ஒன்று. தொடக்க கால போர்ட்டர் முழுக்க முழுக்க பிரவுன் மால்ட்டால் ஆனது. குறிப்பு என்று பார்த்தால் இதைவிட எளிது கிடையாது. ஒரே தானியம், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட். வீட்டில் காய்ச்சுகிறவர் கடையில் பிரவுன் மால்ட் வாங்கி வந்து, சூடான நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்க்கிறார். பழுப்பு நிற மாவுக்கூழ். இனிப்பே இல்லை.

காரணம் எளிது. பார்லி முளைக்கும்போது அதனுள் நொதிகள் பிறக்கின்றன. 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் அந்த நொதிகள்தான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. இன்றைய பிரவுன் மால்ட், காபிக் கொட்டை போல உருளையில் வறுபடுவது. அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடும். கடைக்காரருக்கு அது நிறமும் மணமும் தரும் சேர்மானம் மட்டுமே. வெளிர் மால்ட்டோடு பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். 18ஆம் நூற்றாண்டு ஏடு சொல்லும் பிரவுன் மால்ட் வேறு பொருள். பெயர் மட்டும் ஒன்று. இரண்டு நூற்றாண்டுகளில் பெயர் அப்படியே இருக்க, பொருள் அடியில் மாறிவிட்டது.

அந்தப் பழைய மால்ட் ஹார்ட்ஃபர்ட்ஷயரின் வேர் முதலிய ஊர்களில் தயாராகி, லீ ஆற்றின் வழியாகப் படகில் லண்டனுக்கு வந்தது. முளைவிட்ட பார்லியை மெல்லிசாகப் பரப்பி, அடியில் ஹார்ன்பீம் விறகை மூட்டி, கடைசியில் சட்டென்று நெருப்பை ஓங்க விடுவார்கள். ஈரம் உள்ளே சிக்கிக்கொண்ட தானியம், மணலில் போட்ட நெல்லைப் போலப் பொரியும். உலர்த்தும் களம் முழுவதும் சூடு ஒரே சீராக இருக்காது. ஒரு மணி கருகியிருக்கும், பக்கத்து மணி பாதி வெந்திருக்கும். அந்தப் பாதி வெந்த மணிகளுக்குள் நொதிகள் பிழைத்துக் கிடந்திருக்க வேண்டும். மொத்தக் குவியலையும் சர்க்கரையாக்கும் வேலையை அவை பார்த்திருக்க வேண்டும். இந்த முடிவுக்கு வீட்டுக் காய்ச்சுநர்கள் தாங்களே சோதனை செய்துதான் வந்தார்கள். வெளிர் மால்ட்டை அகலத் தட்டில் பரப்பி, முதலில் 100 டிகிரியை ஒட்டி வைத்து ஈரம் போக்கி, பிறகு 150 டிகிரிக்கு ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணியை எடுத்துக் கடித்து உள்நிறம் பார்க்கும் முறையை ஹாரிசன் குழு பரப்பியது. இன்னும் ஆழமாகப் போனவர்கள் பச்சைப் பார்லியை முளைகட்டி, தோட்டத்தில் விறகு மூட்டி, புகையில் உலர்த்திப் பார்த்தார்கள். சூட்டுக் கணக்கு பத்து டிகிரி தவறினால் கூழ் இனிக்காது. அந்தப் பத்து டிகிரிதான் வேர் ஊர்க்காரர்களின் பக்குவம். அது எந்த ஏட்டிலும் இல்லை. லண்டன் ஆலைக்காரர்கள் மால்ட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அது எப்படி உண்டானது என்று அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்?

புகையைப் பற்றி நமக்கு வேறொரு சான்றும் உண்டு. ராட்விண்டர் பாதிரியார் அப்போதே சொல்லிவிட்டார், வைக்கோலில் உலர்த்திய மால்ட்டே உயர்ந்தது, விறகில் உலர்த்தியது பழக்கமில்லாதவருக்குத் தலைவலி கொடுக்கும் என்று. லண்டன் போர்ட்டரை மாதக்கணக்கில் கிடத்தி வைத்ததற்கு ஒரு காரணம், இந்தப் புகை வாடை அடங்குவதற்காக என்று கருதலாம்.

பிறகு அந்த மால்ட் ஏன் மறைந்தது? ஒரு சிறு கருவியும் ஒரு போரும் காரணம். ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சாக்கரோமீட்டர் என்ற அடர்த்திமானியைப் பற்றி நூல் எழுதினார். சாற்றில் மிதக்க விட்டால் எத்தனை பவுண்டு சத்து இறங்கியிருக்கிறது என்று அது காட்டிவிடும். அதுவரை மால்ட்டை விலையாலும் நிறத்தாலும் மதித்தவர்கள், முதல்முறையாகச் சத்தால் மதித்தார்கள். வெளிர் மால்ட் விலை கூட, ஆனால் அதிலிருந்து இறங்கும் சத்து இன்னும் கூட. பிரவுன் மால்ட் வாங்குவது நட்டம் என்று எண்கள் சொன்னன. நெப்போலியப் போர்க் காலத்தில் மால்ட் வரி ஏற ஏற அந்த நட்டம் பெருத்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. போர்ட்டர் வெளுத்தது. வெளுத்த போர்ட்டரை யார் குடிப்பார்கள்? நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையைச் சிறிது காலம் சேர்த்தார்கள். 1816இல் சட்டம் மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே, 1817இல், டேனியல் வீலர் உருளையில் வறுத்துக் கருப்பு மால்ட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொஞ்சம் போட்டால் பீப்பாய் முழுவதும் கறுக்கும், சட்டத்துக்கும் உட்பட்டது. 1820க்குப் பிந்தைய போர்ட்டர் ஏடுகளை வைத்துக் காய்ச்சுவது ஒப்பீட்டளவில் எளிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பொருள்கள் இன்றும் ஏறக்குறைய அப்படியே கிடைக்கின்றன.

அந்தச் சட்டம் எதற்கு அஞ்சியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் மண்ணின் பங்கு ஒன்று உண்டு. நம் ஊரில் காக்கைக்கொல்லி என்று சொல்லும் கொடியின் விதையை இங்கே மீன் பிடிக்க நஞ்சாகக் குளத்தில் கலப்பார்கள். அந்த விதை மலபார் பக்கமிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போய், மால்ட்டைக் குறைத்துக்கொண்டு மயக்கத்தைக் கூட்ட விரும்பிய பீர்க்காரர்களின் கையில் சேர்ந்தது. ஃபிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி எழுதிய நூலில், இந்த விதையை வைத்திருந்து தண்டனை பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலையே அச்சிட்டார். பழைய குறிப்புகளை மீட்பவர்கள் கைவைக்கவே கூடாத பகுதி இது. வலிப்பையும் சாவையும் கொண்டுவரும் நஞ்சு அது.

மால்ட்டைச் சரிசெய்தாலும் போர்ட்டர் வந்துவிடவில்லை. காலம் பாக்கியிருந்தது. லண்டனின் பெரிய ஆலைகள் போர்ட்டரின் ஒரு பகுதியைப் பெருந்தொட்டிகளில் பல மாதம் முதிர விட்டு, புதிய பீரோடு கலந்து விற்றன. எவ்வளவு பெரிய தொட்டி என்பதில் ஆலைகளுக்குள் போட்டியே நடந்தது. 1814 அக்டோபர் 17 அன்று மியூக்ஸ் நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று உடைந்தது. அதில் 3,500 பீப்பாய்க்கு மேல் போர்ட்டர் இருந்தது. வெள்ளம் பின்புறச் சுவரை இடித்துக்கொண்டு செயின்ட் ஜைல்ஸ் பகுதியின் ஏழைக் குடியிருப்புக்குள் பாய்ந்ததில் எட்டுப் பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும். ஒரு குழந்தையின் சாவுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்த வீடும் அதில் ஒன்று. தற்செயலான விபத்து என்று விசாரணை முடிந்தது. அளவில் பெருத்த அந்தத் தொழிலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பேரேடு எழுதுவதில்லை.

அந்தத் தொட்டிகளின் மரத்துக்குள் என்ன இருந்தது என்பதை 1904இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆலையைச் சேர்ந்த ஹெல்ட்டே கிளாசன் லண்டனில் அறிவித்தார். முதிர்ந்த ஆங்கில பீரிலிருந்து அவர் ஒரு தனி ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும்படி பிரெட்டானோமைசிஸ் என்று பெயரிட்டார். சாதாரண ஈஸ்ட் விட்டுவிட்ட சிக்கலான சர்க்கரைகளை இது மாதக்கணக்கில் மெல்லத் தின்று, தோல், பழைய வைக்கோல், பழம் என்று சொல்லத்தக்க மணங்களை உண்டாக்கும். இன்று பெரும்பாலான ஆலைகளில் இது கெடுதல், கண்டால் தொட்டியையே கொதிநீர் விட்டுக் கழுவுவார்கள். ஆனால் ஆங்கிலேயர் தங்கள் முதிர்ந்த பீரின் தனிச்சுவை என்று கருதியது இதன் வேலையைத்தான் என்று கிளாசன் வாதிட்டார். வீட்டில் காய்ச்சுபவருக்கு இது பெரிய திறவுகோல். ஏட்டில் உள்ள எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், வந்த போர்ட்டர் தட்டையாக இருந்ததற்கு விடை இதில் இருந்தது. ஏட்டில் ஈஸ்ட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. அது ஆலையில் இட்ட ஈஸ்ட்டின் எடை. தொட்டிப் பலகையில் குடியிருந்த ஈஸ்ட்டுக்குக் கட்டம் இல்லை, ஏனென்றால் அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. இன்று அந்த இனத்தை வளர்த்துக் குப்பியில் விற்கிறார்கள். இரண்டாம் நொதித்தலுக்கு அதை இட்டு, ஓராண்டு பொறுத்திருந்தவர்கள், பழைய எழுத்துகள் சொன்ன பீர் இப்போதுதான் புரிகிறது என்கிறார்கள்.

ஈஸ்ட்டைத் தேடிக் கடலுக்குள்ளும் போனார்கள். சிட்னி கோவ் என்ற கப்பல் 1796இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு டாஸ்மேனியா அருகே ஒரு தீவில் மூழ்கியது. அதிலிருந்து எடுத்த சீசாக்களில் உயிரோடிருந்த ஈஸ்ட்டை வளர்த்து 2018இல் ஒரு போர்ட்டர் காய்ச்சப்பட்டது. ஆனால் எனக்கு இதைவிட மேலாகத் தோன்றுவது பார்லியின் கதை. 1820களில் சஃபோக் மாவட்டத்தில் ஜான் செவாலியே என்ற பாதிரியார் தேர்ந்தெடுத்த பார்லி, அவர் பெயரிலேயே அந்த நூற்றாண்டு முழுவதும் ஆங்கில வயல்களை ஆண்டது. விக்டோரியா காலத்து ஏட்டில் வெறுமனே மால்ட் என்று இருந்தால், பெரும்பாலும் அது செவாலியேதான். விளைச்சல் கூடிய ரகங்கள் வந்ததும் அது வயலை விட்டு நீங்கியது. நார்விச் ஜான் இன்னஸ் மையத்தினர் விதை வங்கியில் மிஞ்சியிருந்த சிறிதளவு விதையை எடுத்து, பருவம் பருவமாகப் பெருக்கி, 2010களில் மால்ட்டாக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கதிரைத் தாக்கும் பூஞ்சை நோயைத் தாங்கும் திறன் அதில் இருப்பதையும் கண்டார்கள். அந்த மால்ட்டில் காய்ச்சிய பீரில் வாய் நிறையும் ஒரு கனம் இருக்கிறது என்பது காய்ச்சியவர்களின் பொதுவான கருத்து. நம் பக்கம் மாப்பிள்ளைச் சம்பாவைத் தேடி மீட்டவர்களுக்கு இந்தக் கனம் எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

சர்க்கரை விஷயத்தில் நம் சமையற்கட்டு அறிவே போதும். 1847 முதல் பிரிட்டிஷ் ஆலைகள் சர்க்கரை சேர்க்க அனுமதி பெற்றன. அவர்கள் பயன்படுத்திய இன்வர்ட் சர்க்கரை ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டு விற்கப்பட்டது. எண் ஏற ஏறக் கறுப்பு கூடும். வீட்டில் இதைச் செய்வது பாகு காய்ச்சுவதுதான். கரும்புச் சர்க்கரையில் சிறிது எலுமிச்சை அமிலம் விட்டு, 115 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் அடி பிடிக்காமல் கிளற வேண்டும். பதம் தவறினால் மூன்றாம் எண் நான்காகிவிடும். முதல் உலகப் போருக்கு முந்தைய இருண்ட மைல்ட் பீர்களின் சுவை பெரிதும் இந்தப் பாகில்தான் இருந்தது. போரின்போது தானியத்தைக் காக்க அரசு பீரின் அடர்த்தியை வெட்டியதில், 1914இல் சராசரியாக 1.050க்குச் சற்று மேல் இருந்தது, 1918இல் 1.030 அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே பெயர் கொண்ட பீரின் 1913, 1918 பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காய்ச்சிக் குடித்தால், போரின் பஞ்சம் நாக்கில் தெரியும். வேறு எந்த ஆவணமும் அதை இப்படிச் சொல்லாது.

இந்தியாவின் பெயரைத் தாங்கிய பேல் ஏல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்பயணத்தில் கெடாமலிருக்க ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த பீர் அது என்ற கதையை ஏடுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடன் கொடுத்தது. அவர்கள் ஏற்றிச் சென்றது, நாட்டுப்புறச் செல்வந்தர்கள் அக்டோபரில் காய்ச்சிப் பல மாதம் முதிரவிடும் பீர் வகையைத்தான். கடலின் அசைவும் வெயிலும் அதை விரைவாக முதிர்த்தன. 1820களில் பர்டன் ஊரின் ஆல்சாப் போன்றோர் அங்குள்ள ஜிப்சம் கலந்த நீரைக் கொண்டு அதை மேம்படுத்தினார்கள். இங்கே வந்த ஆங்கிலப் படைவீரர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பெரிதும் அனுப்பியது போர்ட்டர்தான். பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்குப் போனது. ஏற்றுமதிக்கென்று அடர்த்தி கூட்டிக் காய்ச்சிய கறுத்த ஸ்டவுட், பிரிட்டனில் அருகிப்போன பிறகும் இலங்கையில் உயிரோடிருக்கிறது. நுவரெலியாவின் குளிரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலையின் வழிவந்த லயன் ஸ்டவுட்டை, அந்தப் பழைய வகையின் நேரடி வாரிசாகவே பல வல்லுநர்கள் பார்க்கிறார்கள்.

பழைய பீரைத் துல்லியமாக மீட்டுவிட்டோம் என்று சொல்லும் புட்டிகளை நான் நம்புவதில்லை. நீர் மாறிவிட்டது, மண் மாறிவிட்டது, குடிக்கிறவரின் நாக்கும் மாறிவிட்டது. இந்த வேலையை உண்மையாகச் செய்கிறவர்கள் அப்படிச் சொல்வதும் இல்லை. அவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்தால் தெரியும். பழைய லண்டன் ஆலைக்காரர் எழுதிய அதே கட்டங்கள் முதலில் வரும்: மால்ட், ஹாப்ஸ், சூடு, அடர்த்தி. அதன் கீழே அவர் எழுதாதவை தொடங்கும். தட்டில் வறுத்த மால்ட்டைக் கடித்தபோது நடுவில் வெளிர் பழுப்பு, ஓரத்தில் கருக்கல். விறகு ஈரமாக இருந்தது, புகை கூடுதல். ஆறாம் வாரம் நொதித்தல் நின்றது, பிரெட்டானோமைசிஸ் இட்டது. நான்காம் மாதம் மேலே மெல்லிய வெண்படலம்; கலைக்கவில்லை. ஏழாம் மாதம் ருசி பார்த்தது, புகை இன்னும் முன்னால் நிற்கிறது. பதினோராம் மாதம் புகை பின்வாங்கி, பழைய தோல் மணம். இன்னும் இரண்டு மாதம் கிடக்கட்டும் என்று எழுதி, தேதி போட்டு, கலனை மறுபடி இருட்டில் தள்ளி வைக்கிறார்கள்.